கொடிக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் ஆறு

"கப்பல்ல தேடாத இடம் பாக்கியில்லை" என்று சார்ஜண்ட் டுன் ஷீன் மறுபடியும் அறிவித்தார். "பாய்லர் பக்கத்துல கரியைக் கிளறிப் பார்த்தாச்சு. கோழிக்கூண்டைக் கவிழ்த்தாச்சு. சாரங்கு பாயோட தலையணையைக் கிழிச்சாச்சு."

"தலையணையில என்ன கிடைச்சுது?" என்று கேட்டான் கோ பா டின்.

"பஞ்சு."

"அது போதுமே. இனிமே கேஸ் தானா நகரும்."

சார்ஜண்ட் முறைத்தார். பா டின் கையிலிருந்த சுரைக்காய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு, அவர் முறைப்பது வேறு யாரையோ என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தான். மாண்டலேயில் பட்டுக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் டோ ஓன் மே என்ற பெண்மணிக்கு அவன் உதவியாளன். துப்பறிவதில் அவனுடைய பங்கு சாப்பிடுவதும் பேசுவதும். இரண்டிலும் அவன் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

இந்தப் பயணத்தில் அவர்களுக்கு வேலை என்று எதுவும் இருந்திருக்கக் கூடாது. பாமோவில் ஓன் மேயின் தங்கை மகளுக்குக் காது குத்து. அதற்காக ஐராவதியில் மேலே போகும் தபால் கப்பலில் ஏறினார்கள். குளிர் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய காலம், மழை நின்று வெகு நாளாகியிருந்தது, ஆற்றில் தண்ணீர் இறங்கி மணல்திட்டுகள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. முன்னால் ஒருவன் மூங்கில் கழியால் ஆழம் பார்த்துக் குரல் கொடுக்க, கப்பல் யோசித்து யோசித்துப் போனது. தகவுங் துறையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் தபால் அறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. பதிவுத் தபால் பையைக் காணோம்.

சாதாரணப் பை என்றால், தகவுங்கில் காவலுக்கு ஏறியிருந்த சார்ஜண்ட் தூங்கப் போயிருப்பார். அந்தப் பைக்குள் ஒரு தேக்குப் பெட்டி. பெட்டிக்குள் கத்தாவில் புதிதாகக் கட்டிய கோபுரத்தின் உச்சியில் வைக்கப்போகும் மாணிக்கம். அதைத் தானம் செய்தவர் மாண்டலே மர வியாபாரி ஊ பே ஜீ. அவரும் இதே கப்பலில்தான் வந்துகொண்டிருந்தார். மடியில் முடிந்து எடுத்து வந்திருக்கலாமே என்று கேட்கக்கூடாது. மடியில் வைத்தால் யாருக்குத் தெரியும்? பதிவுத் தபாலில் போட்டதால் தபாலாபீஸ் பூராவும் தெரிந்தது, பத்திரிகையில் வந்தது, துறைக்குத் துறை ஜனம் வந்து எட்டிப் பார்த்தது.

தபால் குமாஸ்தா கோ நியோவை மேல்தளத்துக் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். தகவுங்கில் பலகைப் பாலத்தருகே நின்று பைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அறையைப் பூட்டித்தான் போனான். ஆனால் சாவியைக் கதவுப் பக்கத்து ஆணியிலேயே மாட்டியிருந்தான். எப்போதும் அங்கேதான் மாட்டுவான். அது கப்பலில் வந்த கோழிகளுக்குக்கூடத் தெரியும்.

கத்தா போய்ச் சேருவதற்குள் பை கிடைக்காவிட்டால் அவனை அங்கே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவார்கள். அப்புறம் வேலையும் இல்லை, வீடும் இல்லை, எத்தனை வருஷமோ யாருக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி மா பியூ கீழ்த்தளத்தில் பஜ்ஜி போட்டு விற்பவள். அவள்தான் மாவுக் கையோடு ஓடி வந்து ஓன் மேயின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இந்த மனுஷன் தபால் பையைத் தலைகாணியாக் கூட வச்சுக்க மாட்டாரு. சர்க்கார் சொத்துன்னு கும்பிடுவாரு. காப்பாத்திக் குடுங்க அக்கா."

"இந்தப் பஜ்ஜி போடற கையை ஜெயில் வாசல்ல நிக்க விடக்கூடாது அக்கா" என்றான் பா டின். வாயில் பஜ்ஜி இருந்தாலும் அவன் அதை மனசாரத்தான் சொன்னான்.

டோ ஓன் மே ஐம்பதைத் தாண்டியவர். கன்னத்தில் சந்தனம்போல அரைத்துப் பூசிய தனாக்கா, வாயில் பெரிய சுருட்டு. அவர் சுருட்டை எடுத்துவிட்டுச் சார்ஜண்டிடம் மெதுவாகக் கேட்டார்.

"எல்லா இடமும் தேடியாச்சுன்னீங்களே. கீழ்த்தளத்துல பின்பக்கமும் பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சும்மா."

"அங்க பொம்பளைங்க தமெய்ன் காயப்போட்ட கொடி ஒண்ணு குறுக்கால கட்டியிருக்கு. அதுக்கு அந்தப் பக்கம்?"

சார்ஜண்ட் ஆற்றைப் பார்த்தார். அவர் பின்னால் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்களும் ஆற்றைப் பார்த்தார்கள். ஆற்றில் பார்க்கும்படியாக எதுவும் இல்லை.

பெண்கள் இடுப்பில் உடுத்தும் தமெய்னுக்கு அடியில் ஓர் ஆண்பிள்ளையின் தலை போய்விட்டால் அவனுடைய தேஜஸ் அன்றோடு சரி. அப்புறம் வியாபாரம் படுத்துவிடும், வழக்கு தோற்றுவிடும், வீட்டு நாய் மதிக்காது. ஐராவதிக் கரையில் புலியோடு மல்லுக்கு நின்ற ஆண்கள் உண்டு. கொடிக்கு அடியில் குனிந்து போன ஆண் ஒருத்தனும் கிடையாது.

"சட்டத்துக்கும் ஒரு எல்லை இருக்கும்மா" என்றார் சார்ஜண்ட்.

"ஆமா, அங்கதான் கொடி கட்டியிருக்காங்க" என்றான் பா டின்.

"அப்ப நீ போயேன்."

"எனக்கு இருக்கறதே கொஞ்சூண்டு தேஜஸ் சார். அதையும் தொலைச்சுட்டா எங்க வீட்டு நாய்க்கு முன்னால எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

ஓன் மே எழுந்தார். சுருட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கத்துப் படியில் இறங்கினார். பின்னாலேயே எல்லாரும் போனார்கள். கொடிக்குச் சற்று முன்னால், கோடு கிழித்ததுபோல ஆண்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். அங்கே ஏழெட்டுத் தமெய்ன்கள் தொங்கின. நடுவில் ஒன்று புத்தம்புதிய சிவப்பு. அதன் கீழே தரைப்பலகை ரத்தம் சிந்தியதுபோல இருந்தது. ஓன் மே தரையை ஒரு தடவை பார்த்தார், விரலால் தொட்டுப் பார்த்தார், குனிந்து அந்தப் பக்கம் போனார். காலி வெங்காயக் கூடைகளைத் தள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் தபால் பை இருந்தது.

மா பியூ "ஐயோ என் சாமி" என்று உட்கார்ந்தேவிட்டாள்.

அவளுடைய சந்தோஷம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. சார்ஜண்ட் தொண்டையைச் செருமினார்.

"இந்தச் சிவப்பு யாருது?"

"என்னுதுதான். புதுசு. தகவுங் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் முதல் தண்ணி போட்டேன்."

"ஆக, புருஷன் எடுத்தான், பெண்டாட்டி ஒளிச்சா" என்றார் சார்ஜண்ட். "ஆம்பளை எவனும் போகாத இடம். அப்ப பொம்பளைதானே போயிருக்கணும். கணக்கு நேரா வந்துடுச்சு."

"நான் தகவுங்ல கரையில இருந்தேன் சார். கப்பல்ல இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் கூடையோட கரையிலதான் யாவாரம் பார்த்தோம்."

"திருடினவ எல்லாம் கரையிலதான் இருந்தேன்னு சொல்லுவா."

கூட்டத்தில் ஒருவர், கப்பலை ஓட்டும் சாரங்கு கபீர் பாய் பக்கம் கையைக் காட்டினார். "இவரு சிட்டகாங்குலேர்ந்து வந்தவரு. இவங்களுக்கு நம்ம மாதிரி தமெய்ன் பயம் கிடையாது. இவரையும் விசாரிங்க."

"எனக்கா பயம் இல்லை?" என்றார் கபீர் பாய். "எம் பொண்டாட்டி உங்க ஷ்வேபோக்காரி. கொடிப் பக்கம் போனேன்னு தெரிஞ்சா சோறு கிடையாது. அதுவும் போக நான் பலகைகிட்ட நின்னு கத்திக்கிட்டு இருந்தேன். ஊரே கேட்டுது."

ஊர் கேட்டது உண்மைதான் என்பதால் அவரை விட்டுவிட்டார்கள்.

அந்த நேரத்தில் மேல்தளத்திலிருந்து ஊ பே ஜீ இறங்கி வந்தார். பளபளக்கும் பட்டு லுங்கி, தலையில் பட்டுக்கட்டு, பின்னால் ஒரு வேலைக்காரன். தேஜஸ் விஷயத்தில் அவரைப்போல ஜாக்கிரதைக்காரர் மேல்பர்மாவில் இல்லை. ஏறியவுடனேயே, சுக்கான் அறைக்கூரை மேல் எந்தப் பெண்ணும் ஏறக்கூடாது, அது தன் தலைக்கு மேலே இருக்கிறது என்று சாரங்குக்கு உத்தரவு போட்டவர் அவர். கப்பல் கட்டிய நாளிலிருந்து அந்தக் கூரை மேல் காக்கையைத் தவிர யாரும் ஏறியதில்லை.

"ஐயா, கிடைச்சுடுச்சு" என்று சார்ஜண்ட் பையை நீட்டினார். "அரக்கு முத்திரைகூட உடையலை. மாணிக்கம் உள்ள பத்திரமா இருக்கும்."

ஊ பே ஜீ சந்தோஷப்படுவார் என்று எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள். அவர் ஓர் அடி பின்வாங்கினார்.

"எங்க கிடந்துது?"

"கொடிக்கு... அந்தப் பக்கமுங்க."

"தமெய்னுக்கு அடியில போய் வந்த கல்லைக் கோபுரத்து உச்சியில வைக்கச் சொல்றியா?" அவர் பையைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எவ்வளவு பெரிய பாவம். எனக்குக் கல் போனாப் பரவாயில்லை, தர்மம் நிக்கணும். பையை அப்படியே ஆத்துல போடு."

கூட்டம் உருகிவிட்டது. "என்ன மனசு" என்றார் ஒருவர். "தானம் பண்ணணும்னு நினைச்சப்பவே புண்ணியம் சேந்தாச்சு" என்றார் இன்னொருவர். அதையேதான் தானும் நினைத்ததாக ஊ பே ஜீ தலையசைத்தார். பையை அஞ்சலில் சேர்த்த தேதியிலிருந்தே புண்ணியம் கணக்காகும் என்று விளக்கமும் சொன்னார்.

பை ஆற்றுக்குப் போனால் கோ நியோ கதி என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. திருடியவன் என்ற பெயர் அப்படியே நிற்கும், பொருளும் திரும்பாது. மா பியூ திரும்பி ஓன் மேயைப் பார்த்தாள்.

"சார்ஜண்ட், கொஞ்சம் இருங்க" என்றார் ஓன் மே. "தபால்ல போட்டாச்சுன்னா கத்தாவுல கையெழுத்துப் போட்டு வாங்கற வரைக்கும் அந்தப் பை யாரோடது?"

"சர்க்காரோடது."

"சர்க்கார் சொத்துக்குத் தீட்டு உண்டா?"

சார்ஜண்ட் உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு அவருக்கு வந்த மிகக் கஷ்டமான கேள்வி அதுதான். புண்ணியத்துக்கும் பென்ஷனுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"உத்தரவு வராம ஆத்துல போட முடியாதுங்க ஐயா. கத்தாவுல பெரியவங்க முடிவு பண்ணட்டும்."

ஊ பே ஜீ திரும்பி மேலே போனார்.

மா பியூவையும் கூட்டிப்போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டாவது கயிறு இல்லாததால் அவளைக் கட்டவில்லை. ஓன் மே அங்கே போய் உட்கார்ந்தபோது கோ நியோ கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியாமல் தோளில் தேய்த்தான்.

"அம்மா, நான் எடுத்தேன்னு எழுதிக் குடுத்துடறேன். நானே கொண்டு போய் ஒளிச்சேன்னும் சொல்லிடறேன். இவளை மட்டும் விட்டுடச் சொல்லுங்க."

"பேசாம இருங்க" என்றாள் மா பியூ. "செய்யாததை எழுதறதுக்கு உங்களுக்கு என்ன கொழுப்பு."

"நீ ஜெயிலுக்குப் போனா நான் வெளியில இருந்து என்னத்துக்குடி?"

பா டின் பஜ்ஜிப் பொட்டலத்தை எடுத்து அவர்கள் பக்கம் நீட்டினான். நீட்டிய பிறகுதான் பஜ்ஜி தீர்ந்து வெகு நேரம் ஆனது ஞாபகம் வந்தது.

டிஜாய்ன் துறையில் கப்பல் ஒதுங்கியது. மதிய வெயில் மணலில் அடித்துத் திரும்பிக் கண்ணில் குத்தியது. மாணிக்க உபயதாரரைப் பார்க்க அங்கேயும் ஒரு கும்பல் நின்றது. ஊ பே ஜீ பலகைப் பாலத்தில் இறங்கி, மணலில் நடந்து, மாலை வாங்கிக்கொண்டு, வியர்வை வழிய வழியத் திரும்பினார். பின்னால் வேலைக்காரன் ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"பாவம், வெந்துட்டாரு" என்றான் பா டின். "நேத்து நாற்காலியிலேர்ந்து சாப்பாட்டு மேஜைக்குப் போறதுக்கே குடை பிடிக்கச் சொன்ன மனுஷன். கூரைக்கு அடியிலயே குடை. இன்னிக்கு அந்தப் பயல் குடையை ஊன்றுகோல் மாதிரி சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு வர்றான், இவரு வெயில்ல வறுபடறாரு."

ஓன் மே சுருட்டைப் பற்றவைக்க எடுத்த குச்சி அப்படியே எரிந்து விரலைச் சுட்டது.

"பா டின், நான் ஒண்ணு கேக்கறேன், விளையாடாம சொல்லு. உயிர் போற அவசரம். கொடிக்கு அந்தப் பக்கம் போயே ஆகணும். நீ எப்படிப் போவே?"

"உயிரை விட்டுடுவேன்."

"அடேய்."

"சரி, போயே ஆகணும்னா தலைக்கு மேல எதையாவது பிடிச்சுக்கிட்டுப் போவேன். பலகை, பாய், எதுவோ ஒண்ணு. அப்ப தலைக்கு மேல இருக்கறது பாய்தானே, தமெய்ன் இல்லையே. தேஜஸுக்கும் பழுதில்லை." அவன் நிறுத்தினான். "அக்கா, ஏன் சிரிக்கறீங்க?"

"மா பியூ, உன் சிவப்புத் தமெய்ன் சாயம் போச்சா?"

"அநியாயமாப் போச்சு அக்கா. சொட்டச் சொட்டத்தான் கொடியில போட்டுட்டுக் கரைக்கு ஓடினேன். தரையெல்லாம் சிவப்பு. திரும்பி வந்து மறுபடி பிழிஞ்சேன்."

"அந்த நேரத்துல கீழ பூந்து போனவன் தலையெல்லாம், தோளெல்லாம் சிவப்பா ஆகியிருக்கும். கப்பல்ல யாருக்காவது ஆச்சா? பையில ஒரு சொட்டாவது இருந்துதா? இல்லை. வெளியூர்க்காரனா இருந்தா நனைஞ்சுக்கிட்டுப் போயிருப்பான். போனவனுக்குத் தமெய்ன்னா உசிர் பயம்."

பா டின் மேல்தளத்தைப் பார்த்தான். "அவரா? அவரு கல்லை அவரே எதுக்குக்கா திருடணும்?"

ஓன் மே சார்ஜண்டைக் கூப்பிட்டார். "கத்தாவுல வரவேற்பு எப்படி?"

"பிரமாதம்மா. கமிட்டிக்காரங்க மொகோக்லேர்ந்து ரத்தினம் பார்க்கற பெரியவரை வரவழைச்சிருக்காங்க. அவரு மாணிக்கத்தை வெயில்ல தூக்கிப் பிடிச்சு ஜனங்களுக்குக் காட்டி, எடை சொல்லி, உயர்வு சொல்லி, அப்புறம்தான் கோபுரத்துக்கு. தகவுங்ல ஏறினதும் ஐயாகிட்ட முதல்ல நான்தான் சொன்னேன். அவரு சந்தோஷத்துல பேச்சே வராம உட்கார்ந்துட்டாரு. குடிச்ச டீ மூக்கு வழியா வந்துடுச்சு."

சார்ஜண்ட் போன பிறகு பா டின் நெடுநேரம் தலையைச் சொறிந்தான்.

"புரியுதுக்கா. நேரா உச்சியில வச்சிருந்தாங்கன்னா நூறடி உயரத்துல காக்காதான் பார்க்கும். காக்காவுக்கு மாணிக்கம் எது, கண்ணாடி எதுன்னு தெரியுமா? சரி, தூக்கினவரு அப்பவே ஆத்துல போட்டிருக்கலாமே?"

"துறையில கப்பலைச் சுத்தி படகு, குளிக்கற ஜனம், சாமான் தூக்கறவன். தேக்குப் பெட்டி மிதக்கும். அப்புறமாப் போட்டுக்கலாம்னு ஒளிச்சாரு, அதுக்குள்ள இவங்க கம்பியோரம் பூரா ஆள் நிறுத்திட்டாங்க."

"அந்தக் குடையையாவது தொலைச்சிருக்கலாம்."

"பத்தேய்ன் பட்டுக் குடைடா. நல்ல விலை. தெய்வத்துக்கே மிச்சம் பிடிச்ச ஆளு, குடையை விடுவாரா?" ஓன் மே சுருட்டை ஒருவழியாகப் பற்றவைத்தார். "இதெல்லாம் என் யூகம்தான். சார்ஜண்ட்கிட்டச் சொன்னா, உபயதாரரை எப்படிம்மா சோதனை போடறதுன்னு ஆத்தைப் பார்ப்பாரு. எனக்குக் குடை விரியணும், ஊர் முன்னால விரியணும். அந்தப் பக்தி உனக்கு உண்டா?"

"வயித்துக்கு ஏதாவது போட்டா வரும்" என்றான் பா டின்.

கத்தாத் துறையில் மத்தளமும் தாளமும் தூள் பறந்தன. மூங்கில் வளைவு கட்டி, 'மாணிக்க உபயதாரர் ஊ பே ஜீ வருக' என்று தங்க எழுத்தில் எழுதியிருந்தார்கள். மாலை வெயில் சாய்ந்தும் சூடு தணியவில்லை. கமிட்டித் தலைவர், பக்கத்தில் மொகோக் பெரியவர், அவர் சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. எல்லாருக்கும் முன்னால் ஊ பே ஜீ இறங்கினார். பின்னால் பையோடு சார்ஜண்ட், அதற்கும் பின்னால் கைகட்டுப் பிரிக்காத கோ நியோ, அவன் சட்டை நுனியைப் பிடித்தபடி மா பியூ. கூட்டத்தில் சில பேர் "திருடன், திருடன்" என்று முணுமுணுத்தார்கள். கோ நியோ நிமிரவே இல்லை.

தலைவர் பதறினார். "ஐயா, இந்த வெயில்ல குடை பிடிக்காம வர்றீங்களே?"

"ஜனங்களுக்கு முன்னால எனக்கு எதுக்குக் குடை?" என்றார் ஊ பே ஜீ கைகூப்பி.

அடக்கம் என்றால் இதுதான் என்று கூட்டம் வாயைப் பிளந்தது. அந்தச் சமயத்தில்தான் பா டின் பக்திப் பரவசத்தோடு முன்னால் பாய்ந்தான். "ஐயா வெயில்ல நின்னா எங்களுக்குத்தான் பாவம்" என்று சொல்லிக்கொண்டே வேலைக்காரன் கையிலிருந்த குடையைப் பிடுங்கி, ஊ பே ஜீ தலைக்கு மேல் விரித்தான்.

சந்தன நிறக் குடை. அதன் முதுகில் சிவப்புச் சொட்டுகள், ஒரு வரிசையாக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. மத்தளக்காரன் தட்டுவதை நிறுத்தினான்.

"அது எந் தமெய்ன் சாயம்" என்றாள் மா பியூ.

"வெத்திலை எச்சில்" என்றார் ஊ பே ஜீ.

"குடைக்கு மேலயா துப்புவீங்க?" என்று கேட்டான் பா டின். "அதுக்கு ஒட்டகக் கழுத்துல்ல இருக்கணும்."

ஓன் மே முன்னால் வந்தார். கோபமில்லாமல், காது குத்துக்கு அழைப்பதுபோலப் பேசினார். "தகவுங்ல சாவியை எடுத்துப் பையைத் தூக்கி, கொடிக்கு அந்தப் பக்கம் வச்சது நீங்கதான்னு நான் சொல்றேன். நீங்க இல்லைன்னு சொல்லலாம். எனக்கு இருக்கற சாட்சி இந்தக் குடை ஒண்ணுதான். ஆனா ஒண்ணு ஐயா. நீங்க தமெய்னுக்கு அடியில போய் வந்த தலையோட கோபுரத்துக்குக் கல் குடுக்க நிக்கறீங்கன்னு இனிமே ஊர் பேசும். திருட்டை நீங்க மறுத்தாலும் அதை யாரும் மறக்க மாட்டாங்க."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. தலைவர், மாலை போட நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார். மொகோக் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு கிழவர் காறித் துப்பினார்.

ஊ பே ஜீயின் முகம் அந்தச் சாயம்போலவே சிவந்தது. திருடன் என்று நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இதை அவரால் தாங்க முடியவில்லை.

"நான் தமெய்னுக்கு அடியில போகலை" என்று கத்தினார். "குடைக்கு அடியிலதான் போனேன். போறப்பவும் விரிச்சுக்கிட்டுத்தான் போனேன், திரும்பறப்பவும் விரிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். என் தலையில ஒரு சொட்டு விழலை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவர் காதில் விழுந்தது. அதற்குள் துறை முழுக்க விழுந்துவிட்டது. கீழ்த்தளத்து வியாபாரிப் பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பு கூடைக்குக் கூடை தாவிக் கரையேறியது.

சார்ஜண்ட் அரக்கை உடைத்தார். பெட்டிக்குள் பட்டுத்துணியில் மொச்சைக்கொட்டை அளவுக்குச் சிவப்பாக ஒன்று இருந்தது. மொகோக் பெரியவர் பூதக்கண்ணாடியை எடுக்கக்கூட இல்லை. விரலில் உருட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நல்ல கண்ணாடி" என்றார். "விளக்குக்குப் போடலாம்."

கோ நியோவின் கட்டை அவிழ்த்த கயிறு சார்ஜண்ட் கையில் இருந்தது. அதை அடுத்து யாருக்குப் போடுவது என்று அவருக்குத் தெரியாமலில்லை. வளைவில் இருந்த தங்க எழுத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கடைசியில் ஊ பே ஜீயின் பட்டு லுங்கி கசங்காமல் கையை மட்டும் மரியாதையாகக் கட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கேஸுக்குச் சாட்சிப் பொருள் வேணும். குடை இருக்கு. அந்தத் தமெய்னும் வேணும். யாராவது போய்க் கொடியிலேர்ந்து எடுத்துட்டு வாங்க."

கான்ஸ்டபிள்கள் மணலைப் பார்த்தார்கள். கமிட்டித் தலைவருக்குத் திடீரென்று தாளக்காரர்களோடு பேச வேண்டியிருந்தது. பா டின்கூடச் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிட்டான்.

"நான் எடுத்துட்டு வர்றேன்" என்றாள் மா பியூ.

"நீ சாட்சி. சாட்சிப் பொருளைச் சாட்சி தொடக்கூடாது."

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த கோ நியோ பலகைப் பாலத்தில் ஏறிப் போனான். கத்தாவுக்கு இறக்க வேண்டிய பைகள் மேலேயே கிடந்தன, அதற்குத்தான் போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் தபால் பைகள் இருந்தன. கை காலியில்லாததால் பெண்டாட்டியின் சிவப்புத் தமெய்னைக் கழுத்தைச் சுற்றித் தோளில் போட்டிருந்தான். அப்படியே ஊர் முழுக்கப் பார்க்கப் பலகையில் நடந்து வந்தான்.

முன்வரிசை ஆண்கள் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். பா டின் குனிந்தவன் நிமிர மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"யோவ்" என்றார் சார்ஜண்ட். "உன் தேஜஸ் என்னய்யா ஆகறது?"

"காலையிலேர்ந்து தேஜஸ் உள்ளவங்க எல்லாரும் என்னைத் திருடன்னுதான் சார் சொன்னாங்க" என்றான் கோ நியோ. "இது ஒண்ணுதான் எனக்காகச் சாட்சி சொல்லிச்சு."

நாள் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மா பியூ அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே ஓடிப்போய் அவன் காலரைத் தட்டிவிட்டாள்.

"நிழல்லயே கிடந்து இன்னும் காயலை. சட்டையெல்லாம் சிவப்பாகுது பாருங்க."

"ஆகட்டும்" என்றான் கோ நியோ.